எதை என்று எழுதாத சொல்

தார் வாசனை எனக்கு ஆகாது. ரோட்டுக்குத் தார் போடுகிற இடத்தைக் கடக்கும்போது இன்றைக்கும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். கூட வருகிறவர்கள் தூசிக்காக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். தூசியாவது மண்ணாங்கட்டியாவது! மழையில் ஊறிய சுண்ணாம்புச் சுவரில் புதுத் தார் பட்டால் எழும்புகிற, தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிற அந்தக் காரமான நெடி, இலங்கை மலைநாட்டில் திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வாசலில், ஒன்பது வயதுப் பிள்ளையாக, கன்னம் இரண்டும் வீங்கிப்போய் நான் நின்ற ஒரு பகல்பொழுதுக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விடும்.

கன்னம் வீங்கியதற்குக் காரணம் பொன்னுக்கு வீங்கி. அது எனக்கும் லெச்சுமிக்கும் ஒரே நேரத்தில் வந்தது, அதில் ஆச்சரியமில்லை, எங்களுக்கு எது வந்தாலும் ஒரே நேரத்தில்தான் வரும். லெச்சுமி பக்கத்துக் காம்பராவில் இருந்த முத்தையா மாமாவின் மகள். லயம் என்பது ஒரே நீளக் கட்டடம். தகரக் கூரை, வரிசையாகக் காம்பரா என்று நாங்கள் சொல்லும் ஒற்றை அறைகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பெரிய ஆள் காலை நீட்டிப் படுக்க முடியாத திண்ணை, எங்கள் பேச்சில் "இஸ்தோப்பு". எங்கள் காம்பராவுக்கும் அவர்கள் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் மெல்லிசுச் சுவர், அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே தும்முவோம். மாமா எங்களுக்கு இரத்த உறவில்லை. அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் "மச்சான்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே உறவாகிப்போனவர்கள். அதனால் அவர் மனைவி ராசம்மா எனக்கு அத்தை, அம்மாவுக்கு மதினி. இரண்டு கதவுக்கும் நடுவே கூரையிலிருந்து துருப்பிடித்த தகரக் குழாய் ஒன்று இறங்கி வரும், அதன் கீழே ஒரு பீப்பா. தண்ணீர்ப் பீலி பள்ளத்தில் வெகு தூரம் என்பதால், மழைக்காலத்தில் அந்தப் பீப்பாத் தண்ணீர்தான் இரண்டு வீட்டுக்கும் பாத்திரம் கழுவ, கால் கழுவ, எல்லாத்துக்கும்.

அன்றைக்குப் பெரியவர்கள் எல்லோரும் மலையில் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள். கன்னத்தில் அரைத்த மஞ்சளோடு நானும் லெச்சுமியும் இஸ்தோப்பில் குந்தியிருந்தபோது தோட்டத்தை நடத்துகிற துரை வந்தார். பின்னால் குடையோடு கண்டாக்கையா, அதாவது துரைக்கு அடுத்தபடியாக எங்களை ஆண்டுகொண்டிருந்தவர்; அவருக்கும் பின்னால் தார்வாளியும் தூரிகையுமாகக் கிராமத்திலிருந்து வேலைக்கு வந்த சிங்கள பாஸ், அதாவது கட்டட வேலை மேஸ்திரி. துரை எங்கள் இரண்டு கதவுக்கும் எதிரில் நின்றார். கைத்தடியை மேலே தூக்கினார், அப்படியே கீழே இறக்கினார், வாய்க்குள் ஒரு சொல் சொன்னார். கண்டாக்கையா அதைச் சிகரெட் பெட்டி அட்டையில் எழுதி பாஸிடம் நீட்ட, பாஸ் அதைப் பார்த்துப் பார்த்து, படம் வரைகிறவரைப் போல நாக்கைத் துருத்திக்கொண்டு, சுவரில் ஆறு இங்கிலீஷ் எழுத்துகளை முழநீளத்துக்குக் கறுப்பாகத் தீட்டினார். எங்கள் கதவோரம் தொடங்கி, குழாயைத் தாண்டி, அவர்கள் கதவோரம் போய் முடிந்தது. துரை எங்களைப் பார்க்கவே இல்லை. வீங்கின முகத்தைக் கண்டு பயந்துவிட்டார் என்று லெச்சுமி என் காதுக்குள் சொல்லிச் சிரித்தாள், சிரித்தால் கன்னம் வலிக்கும் என்பதால் பாதியில் நிறுத்தினாள்.

சாயங்காலம் கூடையோடு திரும்பிய ஆட்கள் சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். மேல் லயத்துச் சுவர்களிலும் அன்று எழுதியிருந்தார்கள்தான், ஆனால் அது "ரிப்பேர்". அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டத் தெரியாதவர்களுக்கும் அதன் சாடை தெரியும், வருஷா வருஷம் எழுதுவார்கள், செய்வது எப்போதாவது. இது அது இல்லை. கணக்கப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் ஆட்களின் வேலைக் கணக்குப் பார்க்கிறவர், தோட்டத்துக்குப் போதுமான இங்கிலீஷ் வைத்திருந்தவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"ரி... மூவ். எடுக்கணும்னு அர்த்தம்."

"எதைங்க எடுக்கணும்?" என்றார் அப்பா.

"அது எழுதல."

அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். இங்கிலீஷ் தெரிந்த மனிதர் விட்டுவிட்டுப் போன அந்தத் தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் தோட்டத்தில் "எடுக்கிறது" என்றால் என்னதான் இல்லை? கொழுந்து எடுக்கிறோம். திருவிழாவுக்குக் காவடி எடுக்கிறோம். வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். பிள்ளைக்கு வாந்தி எடுக்கிறது. நன்றாக வேலை செய்கிறவள் நல்ல பேர் எடுக்கிறாள். ஒரே சொல், உள்ளே சேர்க்கிறதற்கும் அதுதான், வெளியே போடுகிறதற்கும் அதுதான். அம்மா அதையே பிடித்துக்கொண்டு, "எடுக்கிறதுன்னா நல்லதாக்கூட இருக்கலாமே, எதுக்கு இப்பவே மூஞ்சியத் தொங்கப்போடுறீங்க?" என்று எல்லோருக்கும் தைரியம் சொல்லிப் பார்த்தாள். ராசம்மா அத்தைதான் பீப்பாவில் கை கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "பொணத்தையுந்தான் மதினி, எத்தன மணிக்கு எடுக்கிறாங்கன்னு கேக்கிறோம்."

அத்தைக்கு அந்தப் பயம் வரக் காரணம் இருந்தது. அவர்கள் காம்பராவில் சின்னச்சாமி இருந்தார். மாமாவின் தம்பி. வேறொரு தோட்டத்தில் வேலையிலிருந்து தள்ளப்பட்டு வந்தவர். தோட்டத்துப் பேர் பதியாத வெளியாள் ஒருவர் லயத்தில் தங்கக் கூடாது என்பது சட்டம். தங்கினால், தங்கவைத்த குடும்பத்துக்கே இடமில்லை. அதனால் அவர் விடிய முன்னே காட்டுப்பக்கம் போய் இருட்டிய பிறகு வருவார். லயத்தில் அது தெரியாதவர் இல்லை, சொன்னவரும் இல்லை.

எங்கள் வீட்டிலும் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷத்து வேலைநிறுத்தத்தில் அப்பா, பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்புகிற இடத்தில், ஒரு கல்லின் மேல் ஏறி நின்று பேசிவிட்டார். பேசியது நாலு வசனம், அதிலும் இரண்டு முறை இருமினார் என்று அம்மா சொல்வாள். ஆனால் கண்டாக்கையா அன்றிலிருந்து அவரை "என்ன, ஸ்பீக்கரு!" என்றுதான் கூப்பிடுவார். கூப்பிடும்போது சிரிப்பார், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. அந்த வருஷத்துத் தீபாவளிக்குப் பிறகு பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குடும்பத்தைச் சட்டி பானையோடு ரோட்டில் தள்ளியபோது, முதல் நாள் அவர்கள் கதவில் சுண்ணாம்பால் அடையாளம் போட்டிருந்தார்கள். அதை நேரில் பார்த்துவிட்டு வந்தவர் எங்கள் அப்பாதான்.

ஆக, இரண்டு வீடு, இரண்டு குற்றம், நடுச்சுவரில் ஒரே சொல். இதில் எந்த வீட்டை?

கேட்டால் தீர்ந்தது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. "துரைகிட்டப் போய்க் கேளுங்களேன்ப்பா" என்று சொன்னதற்கு அப்பா சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "கேட்டேன்னு வையி, 'அட, நீ ஒருத்தன் இருக்கியா'ன்னு அவருக்கு ஞாபகம் வந்துரும் தாயி. அந்த எழுத்து நம்மள இல்லாட்டியும் நம்மளயே எழுதிருவாரு." மாமாவும் கேட்க முடியாது. கேட்கப் போனால், உன் காம்பராவில் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்பார்கள். மற்றக் காம்பராக்காரர்கள் யாரும் கேட்கவில்லை. சுவரைப் பார்க்காமல் அந்தப் பக்கமாக நடந்து போகப் பழகிக்கொண்டார்கள். எழுதின பாஸையே அப்பா மறித்துக் கேட்டதற்கு, "மாத்தயா கிவ்வா, மங் லிவ்வா" என்று, ஐயா சொன்னார் நான் எழுதினேன் என்பதோடு முடித்துக்கொண்டார். சித்திரை வருஷப்பிறப்புக் கழிந்து திரும்பி வருவேன், அப்போதுதான் வேலை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கன்னம் வற்றிப் பள்ளிக்கூடம் போன முதல் நாள் நான் வாத்தியாரிடம் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியார், வெள்ளை வேட்டியில் ஒரு சேற்றுப் பொட்டுப் படாமல் அந்தச் சேற்றுக்குள் எப்படி நடப்பார் என்பது எங்களுக்கெல்லாம் பெரிய புதிர். கரும்பலகையில் அந்தச் சொல்லை நான் பார்த்த மாதிரியே வரைந்து காட்டினேன்.

"உதை எங்க பிள்ளை பாத்தனீர்?" என்றார். சொன்னேன்.

"உது வினைச்சொல். 'அகற்று' எண்டு அர்த்தம். ஆனா செயப்படுபொருள் இல்லாமல் உந்த வினை நிக்காது. எதை எண்டு கேட்டால் மறுமொழி இருக்கவேணும். கறையை அகற்று, கல்லை அகற்று. உங்கட சுவரிலை அந்த 'எதை' இல்லை. வசனம் முடியேல்லை."

"சாமானை மட்டுந்தான் அகத்துவாங்களா ஐயா, இல்ல ஆளையுமா?"

அவர் வாசலைப் பார்த்தார். அவருக்கும் சம்பளம் தோட்டத்து ஒஃபிசில்தான். பிறகு கரும்பலகையைத் தன் கையாலேயே துடைத்தார்.

"ரெண்டையுந்தான்," என்றார்.

இங்கிலீஷில் நான் முறையாகப் படித்த முதல் இலக்கணம் அது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா வெற்றிலையை மடித்து வாய்க்குள் தள்ளினார். அம்மா மட்டும், "வாத்தியாருக்கே தெரியலையாமா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

முதலில் இரண்டு வீட்டிலும் அவரவர் தாங்கள்தான் என்று பயந்தார்கள். அந்த நாட்களில் சண்டை இல்லை, அத்தை எங்கள் வீட்டுக்கு ரொட்டி கொண்டுவந்தாள், அம்மா சம்பல் அரைத்துக் கொடுத்தாள், எல்லோரும் எல்லோருக்கும் இரக்கப்பட்டார்கள். பயம் ஒரு அளவுக்கு மேல் போனதும்தான் வினை பிடித்தது. தாங்களாக இல்லாமல் இருந்தால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்தால், அப்போது அவர்களாகத்தானே இருக்க வேண்டும்? இருப்பது இரண்டே வீடு. அந்த நினைப்பு எங்கள் வீட்டில் முதலில் நுழைந்ததா அவர்கள் வீட்டிலா என்று எனக்குத் தெரியாது. நுழைந்த பிறகு ரொட்டி வரவில்லை, சம்பலும் போகவில்லை.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் அத்தை யாரிடமோ சொன்னாளாம், குழாய்க்கு அந்தப் பக்கம் மூணு எழுத்து, இந்தப் பக்கம் மூணு எழுத்து, ஆனால் தொடங்குவது அவங்க பக்கம், தொடங்குற எடத்துக்குத்தானே சேதி என்று. அது அம்மா காதுக்கு வர எவ்வளவு நேரமாகும்? அன்று சாயங்காலம் பீப்பாவடியில் அம்மா வாளியை டமாலென்று வைத்தாள்.

"தொடங்குறது எங்கயா இருந்தா என்னா மதினி? முடியிற எடத்துலதான் வேலை நடக்கும்."

"அப்ப நாங்க முடிஞ்சு போகணும்ங்கிறீங்க?"

"நான் சொல்லல. எழுத்து சொல்லுது."

"எழுத்து ஒங்க வீட்டுக்காரரு கல்லு மேல ஏறி நின்னதையுஞ் சொல்லுதா?"

"வாயத் தொறக்கவைக்காதீங்க மதினி. ஒங்க வீட்டுல விடிய முன்னாடி எந்திரிச்சுப் போறது யாருன்னு நானும் சொல்லட்டா?"

லயமே கேட்டுக்கொண்டிருந்தது. அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. அம்மா சொல்லிவிட மாட்டாள், அது அம்மாவுக்கும் தெரியும் அத்தைக்கும் தெரியும், ஆனால் சொல்லுவேன் என்ற வார்த்தை வாயைவிட்டு வந்துவிட்டதே! அதன் பிறகு பீப்பாவுக்கு முறை வைத்தார்கள், காலையில் அவர்கள், சாயங்காலம் நாங்கள். யாரோ ஒரு புத்திசாலி நூல் பிடித்து அளந்து, குழாய்தான் சரியான நடு, இரண்டு பக்கமும் சமம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனான். நானும் லெச்சுமியும் பள்ளிக்கூடம் போகும் வழியில் மட்டும் பேசிக்கொண்டோம், லயம் தெரிகிற வளைவு வந்ததும் ஆளுக்கொரு பக்கமாக நடப்போம். கோபம் இல்லாதவர்கள் கோபமாக நடப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

வெள்ளிக்கிழமை தோறும் அம்மா சாணமும் செம்மண்ணும் கரைத்து இஸ்தோப்பையும் சுவரின் அடிப்பாகத்தையும் மெழுகுவாள். அந்த எழுத்துகளைத் தொட அவளுக்குப் பயம், துரை எழுத்தை அழித்தாள் என்று ஆகிவிடும். அதனால் விரல் நுனியால் ஒவ்வொரு எழுத்தையும் சுற்றி வளைத்து மெழுகினாள். அந்தப் பக்கம் அத்தையும் அப்படியே. இருவரும் மெழுக மெழுக அந்தச் சொல் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

சித்திரை நெருங்க நெருங்க வேறொரு கணக்கு எழுந்தது. ஒரு தோட்டத்தைவிட்டு நாமாக விலகினால் பத்துச்சீட்டு என்ற விடுகைப் பத்திரம் சுத்தமாகக் கிடைக்கும், அதைக் காட்டினால் வேறு தோட்டம் சேர்க்கும். தள்ளிவிடப்பட்டவனுக்கு எந்தத் தோட்டமும் கதவைத் திறக்காது, சின்னச்சாமியே அதற்குச் சாட்சி. ஆகவே தள்ளுவதற்கு முன் தானாகப் போய்விட வேண்டும். ஆனால் அந்தச் சொல் நம்மைச் சொல்லவில்லை என்றால், இருக்கிற கூரையை நாமே உதறிவிட்டு நடுரோட்டுக்குப் போனதாகும். அப்பா இரவும் பகலும் இதைத்தான் மென்றுகொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மாமாவும் மென்றுகொண்டிருந்தார், அவர் பெருமூச்சு விடுவது எங்களுக்குக் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவே எங்கள் வாசலுக்கு வந்தார். பல நாளைக்குப் பிறகு. உட்காரவில்லை.

"மச்சான், நான் சீட்டுக் கேக்கலாம்னு இருக்கேன். இறம்பொடைப் பக்கம் ராசம்மாவோட மாமா ஒருத்தர் இருக்காரு. நீங்க என்ன சொல்றீங்க?"

போகாதே மச்சான், இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்வோம் என்று அப்பா சொல்வார் என்றுதான் மாமா வந்திருப்பார் என்று நான் இப்போது நினைக்கிறேன். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா அடுப்படியில் ஊதுகுழலை ஊதாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒன் இஷ்டம் முத்தையா," என்றார் அப்பா. மச்சான் என்று சொல்லவில்லை.

மாமா தலையாட்டிவிட்டுப் போனார்.

அவர்கள் போன காலையில் பனி. தலையில் மூட்டை, கையில் கோழி, சின்னச்சாமி அன்றைக்குத்தான் முதல்முறையாக வெளிச்சத்தில் நிமிர்ந்து நடந்தார். அத்தை அம்மியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் இஸ்தோப்பில் வைத்தாள். "இதைச் சொமக்க முடியாது மதினி. நீங்க வச்சுக்கங்க," என்றாள். லெச்சுமி என்னைப் பார்த்துக் கன்னத்தை உப்பிக் காட்டினாள், பொன்னுக்கு வீங்கி மாதிரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. வளைவு வரை அவர்கள் தெரிந்தார்கள், பிறகு பனி. அன்றிரவு எங்கள் வீட்டில் எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். அப்பா பாயில் படுத்ததும் குறட்டை விட்டார், எத்தனையோ நாளைக்குப் பிறகு.

சித்திரை கழிந்து, சொன்னபடி பாஸ் வந்தார். தோளில் ஏணி, கையில் சுத்தியல். அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகாமல் காத்திருந்தார். பக்கத்துக் காம்பராவோ பூட்டிக்கிடந்தது. பாஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏணியை இரண்டு கதவுக்கும் நடுவே சாத்தினார், ஏறினார், நாலு தட்டுத் தட்டினார். துருப்பிடித்த குழாய் ஒரு முனகலோடு சுவரைவிட்டுக் கழன்று அவர் தோளில் சாய்ந்தது. இறங்கி, அதைக் கீழே போட்டுவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

அப்பா குழாயைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் கேட்டார், "மேக்கத, பாஸ்?" இதைத்தானா என்று.

"ஒவ் ஒவ், மேக்க தமா," என்றார் பாஸ். ஆமாம், இதேதான்.

துரை கைத்தடியை மேலேயிருந்து கீழே இறக்கியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கே நாங்கள் அதைச் சொன்னபோது பெரியவர்கள், கூரையிலிருந்து தரைவரை எல்லாத்தையும் காலி பண்ணச் சொல்கிறார் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை முறை அந்தக் குழாயைத் தொட்டு இது உன் பக்கம் அது என் பக்கம் என்று அளந்தார்கள்! அளக்கிற கோலாக அதைப் பார்த்த கண்ணுக்கு, எழுத்தின் நடுவே செங்குத்தாக நின்ற அந்தத் தகரம் ஒரு பொருளாகவே தெரியவில்லை. அம்மா அப்படியே அம்மியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "பாவி, பாவி," என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு, நுவரெலியா வழியாக பஸ் மாறி, இறம்பொடைப் பக்கம் போனார். விசாரித்துக் கண்டுபிடித்தபோது அவர்கள் லயத்தில் இல்லை. லயத்துக்குப் பின்னால் பழைய மாட்டுப்பட்டியில் சாக்குத் தொங்கவிட்டு இருந்தார்கள். சுத்தமான சீட்டைக் காட்டியும் தோட்டம் சேர்க்கவில்லையாம், எங்களில் அனேகம் பேரைப் போல இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாத ஆட்களைப் புதிதாகச் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்களாம். மாமாவும் சின்னச்சாமியும் யாருடைய மரக்கறித் தோட்டத்திலோ கூலிக்குக் கொத்திக்கொண்டிருந்தார்கள். நானும் லெச்சுமியும் கையைப் பிடித்துக்கொண்டோம், விடவில்லை.

அப்பா சொன்னார். "அந்தத் தகரப் பைப்பைத்தான்யா எடுக்கச் சொல்லியிருக்கான். ஒன்னையும் இல்ல, என்னையும் இல்ல."

மாமா சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, முழங்காலில் கை ஊன்றிக்கொண்டார். அத்தை சிரிக்கவில்லை. சாக்குத் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பைப்பு இல்லாட்டி, மதினி தண்ணிக்கு எங்க போகும்?"

அப்பா அங்கேயே, எல்லோருக்கும் முன்னால், அழுதுவிட்டார். "வந்துருங்க மச்சான், நான் கண்டாக்கையா கால்ல விழுந்தாவது பேசுறேன்," என்றார். சீட்டு வாங்கிப் போன ஆளைத் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். பஸ்ஸுக்கு வழியனுப்ப வந்த மாமா, பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னலோரம் வந்து அப்பாவின் கையைத் தொட்டார்.

"சொல்லாம இருந்திருக்கலாம் மச்சான்," என்றார்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் அவர்கள் இந்தியாவுக்கே போய்விடுகிறோம் என்று எழுதிக்கொடுத்து, கோச்சி என்கிற ரயிலேறி, கப்பலேறிப் போய்விட்டார்கள். அப்பா சாகும்வரை மாமாவின் அந்த வார்த்தையை அவ்வப்போது எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சொன்னது தப்பா சொல்லாமல் இருந்திருந்தால் தப்பா என்று என்னிடம் கேட்பார். எனக்கு என்ன தெரியும்?

நான் படித்து, ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். அந்த வினைச்சொல் வருகிற பாடத்தில் பிள்ளைகள் வசனம் எழுதும்போது யாராவது செயப்படுபொருளை விட்டுவிட்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். "எதை? எதை? எழுது!" என்று மேசையைத் தட்டுவேன். பிள்ளைகள் எனக்கு "எதை டீச்சர்" என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. இப்போது அந்த லயம் இல்லை. இருந்த இடத்தில் தனித்தனி வீடுகள் கட்டியிருக்கிறார்கள், வாசலில் செவ்வந்தி நிற்கிறது, சுவரெல்லாம் நீலமும் மஞ்சளுமாக இருக்கிறது. எந்த இடத்தில் எங்கள் கதவு, எந்த இடத்தில் அவர்கள் கதவு என்று போன முறை போனபோது என்னால் பிடிக்க முடியவில்லை. அம்மி மட்டும் என் சமையலறை மூலையில் கிடக்கிறது.

லெச்சுமியை நான் மறுபடி கண்டுபிடித்தது கைத்தொலைபேசி வந்த பிறகுதான். கோத்தகிரியில், அங்கேயும் தேயிலையில் கொழுந்தெடுத்து, பேரப்பிள்ளைகளோடு இருந்தாள். ஞாயிறு தவறாமல் பேசுவோம். "என்னடி, பைப்பு இருக்கா?" என்பதுதான் அவள் வணக்கம். "இல்லடி, எடுத்துட்டாங்க," என்பது என் பதில். போன மாரி காலத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டேன், மருமகன் சொன்னார், அந்த நேரத்துக்கு இங்கே ஒரு விளக்கேற்றி வைத்தேன்.

போன வாரம் என் மகள், போனில் இடம் இல்லை, வேண்டாததையெல்லாம் துடைக்கிறேன் என்று உட்கார்ந்தாள். லெச்சுமியின் பேரில் வந்து நின்றாள்.

"அம்மா, இந்த நம்பருக்கு அடிச்சா இனி யாரும் எடுக்கமாட்டாங்க. ரிமூவ் பண்ணட்டுமா?"

"எதை?" என்றேன்.

எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் சத்தமாக, "இந்த நம்பரைத்தாம்மா!" என்றாள்.

நம்பரைத்தானே, வேறு ஒன்றையும் இல்லையே என்று இன்னொரு தடவை கேட்டேன். ஆமாம் என்றாள். அவள் விரல் பொத்தானுக்கு மேலே காத்துக்கொண்டிருந்தது.

"இருக்கட்டும்," என்றேன். "அது அங்கயே இருக்கட்டும்."